முன்வரிசைச் சைக்கிள்கள்

கூட்டமாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவது பிரான்ஸிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இதன் உண்மையான தொடக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களில்தான் என்பேன். 1991இல் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துச் சைக்கிள் பேரணி சென்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். இருக்கையையும் கைப்பிடியையும் இணைக்கும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அது பிரச்சாரம்தானே, பொழுதுபோக்கு ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூரமும் குறைவுதான். ஆனால் பேரணி முடிந்த பிறகும் அவர்கள் சைக்கிளை விடவில்லை. தண்ணீர் சுமக்கவும் வேலைக்குப் போகவும் அதையே எடுத்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தன் காலால் ஊரெல்லை தாண்டும் மகிழ்ச்சியைப் பிரச்சாரம் மட்டும் தந்துவிட முடியாது. நெடும்பயணம் போகிறவர்கள் தேடுவதும் அதைத்தான். விருத்தாசலம் பக்கம் கூட்டமாகச் சைக்கிளில் வரும் நண்பர்களே, உள்ளூர்ப் பெண்களையும் அழையுங்கள். முன்வரிசையை அவர்களுக்குக் கொடுங்கள்.