இழுத்த குதிரையும் ஏறிவந்த நாயும்

1885ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனுக்கு மேற்கே ட்வைஃபர்ட் என்ற சிற்றூரிலிருந்து ஒரு மரவீடு சாலையில் இறங்கியது. 18 அடி நீளம். சன்னலுக்குத் திரை, சுவரில் புத்தக அலமாரி, உட்கார சோபா, சமைக்கத் தனி இடம் எல்லாம் உண்டு. பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸ் என்ற வண்டிப் பட்டறையில் சொல்லிச் செய்த அந்த வீட்டுக்கு ‘வாண்டரர்’ என்று பெயர். அதை இழுத்தவை பீ-பிளாசம், கார்ன்-ஃபிளவர் என்ற இரண்டு குதிரைகள். உள்ளே ஹரிக்கேன் பாப் என்ற பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய், பாலி என்ற கிளி வகைப் பறவை, இவர்களுடைய முதலாளி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ்.

ஸ்டேபிள்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றபின், சிறுவர்களுக்குக் கடல் சாகசக் கதைகளும் பெரியவர்களுக்கு நாய், பூனை வளர்ப்பு நூல்களும் எழுதியவர். அவருடைய குடும்பப் பெயருக்கே குதிரை லாயம் என்றுதான் பொருள். அந்தப் பயணத்தில் அவர் போனது ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னஸ் வரைக்கும். சுற்றிச் சுற்றிப் போனதில் கணக்கு 1,300 மைல் வந்தது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகவே கேரவன் கட்டிப் பயணம் போனவர்களில் முன்னோடி என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டி. ஸ்டேபிள்ஸ் பார்த்திருந்தால் அதையும் ரசித்திருப்பார்.

வண்டி முதலாளியுடையது என்றாலும், பயணத்தின் அன்றாட விதியை எழுதியவை குதிரைகள். மேடு வந்தால் வேகம் குறையும், இறக்கம் வந்தால் உயிர் பதறும். இருட்டுவதற்குள் லாயம் உள்ள ஒரு விடுதி கிடைத்தாக வேண்டும். குதிரைகள் விடுதி லாயத்தில் படுக்க, வீடு பக்கத்துப் புல்வெளியில் நிற்கும். ஃபோலி என்ற பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழி பார்த்துவருவார். வளர்ப்புப் பிராணியோடு சாலையில் வாழ்கிறவர்கள் இன்று தங்குமிடம் தேடும் பாடு அப்போதே இருந்தது. அன்றைய கேள்வி ‘குதிரைக்கு இடம் உண்டா?’, இன்றைய கேள்வி ‘நாய்க்கு அனுமதி உண்டா?’

ஆசைக்காகப் போனவர் ஸ்டேபிள்ஸ். சாலையிலேயே பிறந்து, வளர்ந்து, செத்தவர்கள் வேறு. பிரிட்டனின் ரோமானி மக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் கூடாரங்களில்தான் இருந்தார்கள். சாமான்களைக் கழுதையும் குதிரையும் சுமந்தன. வர்டோ என்று அவர்கள் சொல்லும் அலங்கார மர வண்டிகள் அதற்குப் பிறகுதான் பரவின. வண்டி கட்டுகிறவனுக்குச் சாலை தெரிந்திருந்தது என்பதற்கு அடுப்பு ஒரு சாட்சி. இங்கிலாந்தில் வண்டிகள் இடப்பக்கமாகப் போகும். சாலையோர மரக்கிளைகள் இடப்பக்கமிருந்து நீளும். ஆகவே அடுப்பையும் புகைபோக்கியையும் வலப்பக்கம் வைத்தார்கள். வண்டியின் பின்புறம் தீவனம் வைக்க ஒரு சட்டம் இருக்கும்.

அந்த வீட்டில் நாய்க்கு இடம் எங்கே? வண்டிக்கு அடியில்.

ரோமானிகளிடம் நாய்கள் நிறையவே உண்டு. முயல் பிடிக்கும் லர்ச்சர் வகை வேட்டைநாய் இல்லாத முகாம் அரிது. ஆனாலும் பழைய வழக்கத்தில் நாய் உள்ளே ஏறக் கூடாது. மானுடவியலாளர் ஜூடித் ஓக்லி 1983இல் வெளியிட்ட ‘தி ட்ராவலர்-ஜிப்சிஸ்’ நூல் இதற்கான காரணத்தை விளக்குகிறது. உடம்பின் வெளிப்புறம் அழுக்கு, உட்புறம் சுத்தம், ஒன்று மற்றொன்றில் கலக்கக் கூடாது. தன் உடம்பைத் தானே நக்கும் பிராணி வெளி அழுக்கை உள்ளே கொண்டுபோகிறது, ஆகவே அது மொகாடி, அதாவது தீட்டு. பூனை எந்நேரமும் நக்கிக்கொண்டே இருப்பதால் அதற்கு மிக மோசமான பெயர். குதிரை நக்குவதில்லை, அது சுத்தம். முள்ளெலி தன் முதுகை நக்க முடியாது, அதுவும் சுத்தம்! பாத்திரம் கழுவும் தொட்டியில் கை கழுவக் கூடாது என்பதும் இதே கணக்குதான். தீட்டுக் கணக்கு பார்க்கும் பாட்டிகளோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது. ஒரு சிறு வண்டிக்குள் நாலு குழந்தைகளோடு வாழ்கிறவர்கள் ‘இது உள்ளே, அது வெளியே’ என்று கோடு கிழிக்காமல் தாக்குப்பிடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

குதிரையின் காலம் முடியப்போவதை இங்கிலாந்தின் சிறுவர் கதை ஒன்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. 1908இல் கென்னத் கிரகாம் எழுதிய ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ கதையில், தேரையாருக்குத் திடீரென்று கேரவன் பைத்தியம் பிடிக்கிறது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமலே இந்தப் புழுதி வேலையில் மாட்டிவிட்டார்கள் என்று கிழட்டுக் குதிரைக்கு வருத்தம். பின்னாலிருந்து பாய்ந்துவரும் மோட்டார் கார் ஒன்று குதிரையை மிரளவைக்க, கேரவன் பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது. தேரையாரோ கேரவனை மறந்துவிட்டு, போன காரையே பார்த்து மயங்கி உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்கா தேரையாரின் வழியில் போனது. 1910இல் நியூயார்க் கண்காட்சியில், படுக்கையாக விரியும் இருக்கையோடு பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் கார் ஒன்று வைக்கப்பட்டது. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் தொடங்கியது. தகர டப்பா உணவைச் சூடாக்கித் தின்றுகொண்டு காரிலேயே ஊர் சுற்றியவர்கள் அவர்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம். 1936இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் அலுமினியக் ‘கிளிப்பர்’ வந்தது. 1966இல் ஐயோவா மாநிலத்து வின்னபேகோ, வீட்டு வண்டிகளைத் தொழிற்சாலை வரிசையில் மலிவாகச் செய்து தள்ளத் தொடங்கியது. குதிரை போய்விட்டது. வண்டிக்கு முன்னால் பிராணிக்கு வேலையில்லை என்றானதும், உள்ளே அதற்கு இடம் வந்தது.

அப்படி ஏறி உட்கார்ந்த நாய்களில் உலகப் புகழ் பெற்றது சார்லி. 1960 செப்டம்பரில், 58 வயது எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் லாங் ஐலண்டில் உள்ள தன் வீட்டிலிருந்து ஒரு ஜி.எம்.சி. பிக்கப் லாரியில் கிளம்பினார். லாரியின் முதுகில் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி வைத்த சிறு வீடு. பக்கத்து இருக்கையில் பத்து வயது பூடில் நாய். சார்லி பாரிஸ் நகரின் ஓரத்தில் பிறந்தது. பிரெஞ்சில் சொன்னால் உடனே கேட்கும். ஆங்கிலத்தில் சொன்னால் கொஞ்சம் யோசிக்கும் என்பது ஸ்டைன்பெக்கின் கிண்டல். 1962இல் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ வெளியானது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அந்தப் புத்தகத்தைப் பயண இலக்கியமாகப் படிப்பதைவிட, நாயோடு வண்டியில் வாழ்வதன் நடைமுறைக் கையேடாகப் படித்தால் இன்னும் ருசிக்கும். மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு பறிக்க வந்திருந்த பிரெஞ்சுக் கனடியக் குடும்பம் ஒன்றோடு பேசிப் பழக அவருக்கு ஆசை. நேரே போய் நிற்கக் கூச்சம். சார்லியை அவிழ்த்துவிட்டார். அது அவர்களுடைய அடுப்படிக்குப் போய் நின்றது. தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கும் சாக்கில் இவர் பின்னாலேயே போனார். அன்றிரவு அந்தக் குடும்பமே லாரிக்குள் விருந்துக்கு வந்துவிட்டது. தனியாகச் சாலையில் வாழ்கிறவர்கள் நாய் வளர்ப்பதற்குக் காவல் ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம்.

தொல்லைகளுக்கும் குறைவில்லை. நயாகராவில் கனடா எல்லையைத் தாண்டப்போனபோது, சார்லிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழ் கையில் இல்லை. கனடாக்காரர்கள் உள்ளே விடுவார்கள், திரும்பும்போது அமெரிக்கா நாயை உள்ளே விடாது என்று எல்லை அதிகாரி எச்சரித்ததும் வண்டியைத் திருப்பினார். அமெரிக்கப் பக்கத்தில் அதற்கும் விசாரணை. யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகளைக் கண்டதும், அதுவரை பரம சாதுவாக இருந்த சார்லி வெறிபிடித்ததுபோலக் குரைக்க, வந்த வழியே வெளியேறினார். அப்புறம் சார்லிக்குச் சிறுநீர் போகாமல் வலி கண்டது. ஸ்போகேன் நகரில் பார்த்த மருத்துவர் சிரத்தையில்லாதவர். டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோவில் கிடைத்தவர்தான் கைராசிக்காரர். ஊர் தெரியாத ஊரில் நல்ல கால்நடை மருத்துவர் அமைவது இன்றைக்கும் அதிர்ஷ்டம்தான்.

பத்திரிகையாளர் பில் ஸ்டைகர்வால்ட் 2010இல் அதே வழியில் போய்ப் பார்த்துவிட்டு ஒரு குட்டை உடைத்தார். ஸ்டைன்பெக் பல இரவுகளை மோட்டல்களிலும் ஹோட்டல்களிலும் கழித்திருக்கிறார். பயணத்தின் கணிசமான பகுதியில் மனைவி எலெய்னும் கூட இருந்திருக்கிறார். இதில் ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பிக்கப் லாரியின் முதுகில் மூன்று மாதம் தொடர்ந்து படுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டுமா?

அந்தக் கடினத்தையே நிரந்தர வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் பிறகு வந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே குடியேறியவர்களுக்காக 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கம் உருவானது. டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டனில், நிலையான முகவரி இல்லாத உறுப்பினர்களின் தபாலை வாங்கி அனுப்பும் வேலையை அது செய்கிறது. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, ஆசையால் அல்லாமல் வாடகை கட்ட முடியாமல் வண்டியேறியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜெசிகா ப்ரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ அவர்களுடைய கதை. அறுபதைக் கடந்த ஒரு பெண்ணும் ஒரு சிறு நாயும் பத்தடி நீள டிரெய்லரில் குடித்தனம் நடத்துவதை அதில் பார்க்கலாம்.

இவர்களுக்கு வந்த சிக்கல்கள் ஸ்டேபிள்ஸ் அறியாதவை. முதலாவது வெயில். வெளியே 22 டிகிரி செல்சியஸ் உள்ள இதமான நாளில்கூட, பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறுவதை 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்தும் பெரிய பலனில்லை. குளிர்சாதனம் ஓடும் வண்டியில் நாயை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற பயத்தோடுதான் போகிறார். வண்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தைக் கைப்பேசிக்குச் சொல்லும் கருவிகள் அந்தப் பயத்தில் விற்பனையாகின்றன. இரண்டாவது சிக்கல் பூனைக்காரர்களுடையது. நிறுத்திய பிறகு சுவரையே வெளித்தள்ளி அறையை அகலமாக்கும் ‘ஸ்லைடு-அவுட்’ வசதியை 1990இல் நியூமார் நிறுவனம் வீட்டு வண்டிகளில் கொண்டுவந்தது. அந்த இடுக்கு பூனைக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாப் பூனைகளும் கண்ணில் படும்வரை சுவரை இழுக்கும் பொத்தானைத் தொடக் கூடாது என்பது இந்த வாழ்க்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் படிக்கும் பாடம்.

மூன்றாவது, சட்டம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயின் கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே இல்லை. கட்டண முகாம்கள் சிலவற்றில் குறிப்பிட்ட இன நாய்களுக்கு இடமில்லை. ஆகவே நாய்க்காரர்கள் பலர் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனம் போன்ற அரசு நிலங்களுக்குப் போகிறார்கள். அங்கே இலவசமாகத் தங்கலாம், ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரே பகுதியில் 14 நாள்தான். பிறகு கட்டிலில் படுத்திருக்கும் நாயை எழுப்பி, தண்ணீர்க் கிண்ணத்தைக் காலிசெய்து, வண்டியை நகர்த்த வேண்டும்.

ஸ்டைன்பெக்கின் லாரி இப்போது கலிபோர்னியாவில், அவர் பிறந்த சாலினாஸ் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் அவர் எழுதிவைத்த பெயர் ரோசினாந்தே. ‘டான் கிஹோட்டே’ நாவலின் நாயகன் ஏறித்திரிந்த கிழட்டுக் குதிரையின் பெயர் அது.