தென்னமரத் தோட்டத்தில் செம்பனை: மாற்றத்தை முன்னறிந்தோரும் பின்னறிந்தோரும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்துத் ‘தென்னமரம்’ என்றொரு தோட்டம் உண்டு. பெயர் நம் தமிழ்ப் பெயரே. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் எண்ணெய்ப்பனை பயிரிடப்பட்டது அத்தோட்டத்தில்தான், ஆண்டு 1917. பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில், 1930இல், ‘மலேசி’ என்னும் புதினத்துக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. எண்ணெய்ப்பனைக்கு முன் அந்நிலத்தில் நின்றது பலன் தராத காப்பி. தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் காப்பியை அகற்றிச் செம்பனையை நட்டார்கள்.

தொழில் மாறும்போது நிறுவனங்கள் அதற்கேற்ப எவ்வாறு தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன என்னும் வினாவுக்கு விடை தேட, வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தைவிடத் தகுந்த களம் நமக்கு அரிது. இங்கு நூறாண்டுக்குள் காப்பி போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. மாற்றம் விரைவானது என்று எல்லாரும் சொல்வர். ஆயின் அது யாருக்கு விரைவானது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கித்தாவும் அதன் சொற்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியின் விலை சரிந்தது. அதற்கு முன்பே, 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து, தோட்டக்காரர்களிடம் ரப்பரை நடுமாறு வற்புறுத்திவந்தார். காப்பி வீழ்ந்தபோது மாற்றுப் பயிரும் அதன் தொழில்நுட்பமும் ஆயத்தமாக இருந்தன. மோட்டார் வண்டிகள் பெருகியதும் ரப்பர் பெரும் பொருளாயிற்று. 1925இல் ரப்பருக்கென்றே ஓர் ஆய்வுக்கழகமும் எழுந்தது. நிறுவனங்கள் மாற்றத்தை எதிர்கொள்ளப் பணத்துக்கு முன்பாகத் தேடிக்கொண்டது அறிவை என்பது இங்கே விளங்கும்.

அப்புதிய தொழிலுக்கு உடலுழைப்பைத் தந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். அவர்கள் அத்தொழிலை மொழியாலும் தமதாக்கிக்கொண்டனர். மலாய் ‘கெத்தா’ அவர்கள் நாவில் ‘கித்தா’ ஆயிற்று. ‘மங்கோக்’ மங்கு ஆயிற்று. தோளில் தடியிட்டுச் சுமப்பதைக் குறிக்கும் ‘காண்டார்’, காண்டா வாளி ஆயிற்று. ஆங்கில ‘லைன்’ லயமாயிற்று. வைகறையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரேட்’ பெரட்டு ஆயிற்று. இவற்றோடு நிரை, பால் வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால் எனத் தமிழ் வேரிலேயே முளைத்த சொற்களும் சேர்ந்தன. களப்பணிக்காக நாம் சென்றபோது, பால் மரத்தை விட்டு நெடுங்காலமான மூதாட்டியர்கூட இச்சொற்களைத் தடையின்றி அடுக்கினர். செம்பனை வேலையைப் பற்றிக் கேட்டபோதோ குலை, மட்டை, உதிரிப்பழம் என்பவற்றோடு அவர்கள் பேச்சு சுருங்கிற்று.

அச்சுருக்கத்துக்குக் காரணம் மொழியன்று, வேலையின் அமைப்பே.

ஆள் குறைத்த பயிர்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்த செயற்கை ரப்பர், அதன் பின் இயற்கை ரப்பரோடு சந்தையில் போட்டியிட்டது. கொரியப் போரின்போது ஏறிய விலை நிலைக்கவில்லை. ஒரே பயிரை நம்பும் இடரை உணர்ந்த அரசும் பெருநிறுவனங்களும் 1960களில் செம்பனையை விரைந்து பரப்பின. 1990ஆம் ஆண்டளவில் நாட்டின் செம்பனைப் பரப்பு ரப்பர்ப் பரப்பை விஞ்சியது.

ரப்பர்த் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே பால் வெட்டினர். செம்பனைக் குலையோ இருபது கிலோவுக்கு மேலும் கனக்கும். நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அதை வெட்டி இறக்குவது பெரும்பாலும் ஆடவர் வேலையாயிற்று. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குதலும் உரமிடுதலும் களைக்கு மருந்தடித்தலும் எஞ்சின. பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையும் இருந்தது. 1981இல் கமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொணர்ந்து தோட்டங்களில் விட்டனர். மகரந்தச் சேர்க்கையை அது ஏற்றுக்கொண்டது. விளைச்சல் உயர்ந்தது, அவ்வேலை மறைந்தது. மேலும், வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையை எட்டாவிடில் எண்ணெயின் தரம் கெடும். எனவே தோட்டத்தின் நாளை இனி ஆலையே வகுத்தது. ஒரே பரப்புக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும் என்றானபோது லயங்கள் காலியாயின. லயங்கள் காலியானபோது பள்ளியின் வருகைப் பதிவேடு மெலிந்தது.

இவை ஒரே இரவில் நிகழ்ந்தவை அல்ல. செம்பனை நாற்றங்காலில் ஏறத்தாழ ஓராண்டு வளரும். நட்டபின் முதற்குலை வெட்ட மேலும் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். ஆக, முடிவெடுத்த நாளுக்கும் முதல் அறுவடைக்கும் நடுவே நான்காண்டு இடைவெளி இருந்தது. நிறுவனத்துக்கு அது திட்டமிட்ட, நிதானமான மாற்றம். நாற்றங்கால் எதற்கென்று யாரும் சொல்லாததால் லயத்தில் இருந்தவர்க்கு மட்டுமே அது திடீர் மாற்றமாயிற்று. வேகம் என்பது பெரிதும் அறிவிக்கப்படாமையின் மறுபெயர் என்பது நம் துணிபு.

முன்னறிந்த ஒரு சங்கம்

தொழிலாளர் பக்கத்திலும் குறியை முன்னறிந்து எழுந்த நிறுவனம் ஒன்று உண்டு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிச் சிறு சிறு பகுதிகளாக விற்றனர். தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். வட்டாரச் சங்கங்கள் இணைந்து 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் பேச வல்லது. ஆயின் விற்கப்பட்ட தோட்டத்தில் கூலி பேச முதலாளியே இல்லை. இவ்விடைவெளியைக் கண்ட துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் சென்று, மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு பெறுமாறு தொழிலாளரை வேண்டினார். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. வெட்டுக்கூலி வாங்கியவர்கள் நிலத்தின் பங்குதாரர் ஆயினர்.

தொழிலாளரின் துன்பம் அனைத்தையும் அச்சங்கம் நீக்கிவிட்டது என்று நாம் கூறவில்லை. அதன் கையில் வந்தது நாட்டின் தோட்டங்களுள் ஒரு சிறு பகுதியே. எனினும் நிலத்தை உடையவன் பயிர் மாற்றத்தைத் தானே முடிவு செய்கிறான். நிலமில்லாதவனுக்கு அது செய்தியாக மட்டுமே வந்து சேர்கிறது. இவ்வுண்மையைச் சங்கம் மெய்ப்பித்தது.

பள்ளியின் முறை

இன்று அதே வினா நம் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் நிற்கிறது. 1957இல் நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். பெரும்பாலானவை தோட்ட நிருவாகம் தொழிலாளர் பிள்ளைகளுக்கென எழுப்பியவை. அதனால் பல பள்ளிகள் தம் கட்டடம் நிற்கும் நிலத்துக்கே உரிமையற்றவை; பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்னும் வகையில் அடங்குபவை. பெயரில் ‘தோட்டம்’ நிலைத்திருக்க, சுற்றிலும் தோட்டமே இல்லாத பள்ளிகளை நாம் அறிவோம். கோலாலம்பூரையும் கோலசிலாங்கூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்டது. அதன் அளவைக் கற்கள் திறப்பு விழாவுக்குப் பல்லாண்டு முன்பே தெரிந்தவை. நாற்றங்காலைப் போல அவையும் ஒரு குறியே.

ஆதலால் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது இது. உங்கள் பள்ளியின் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை அறியுங்கள். அருகிலுள்ள தோட்டத்தின் செம்பனை எந்த ஆண்டில் நட்டது என்று கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டை நெருங்கும் மரம் விரைவில் வெட்டப்படும், அப்போது நிலத்தின் பயனும் மறுபடி தீர்மானிக்கப்படும். பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையான் தின்ன விடாதீர்கள். பள்ளி எத்தனை குடும்பங்களுக்கு உரியது என்பதற்கு அவையே சான்று. எஞ்சியிருக்கும் பால்வெட்டாளர்களிடம் சென்று சொற்களோடு அவர்கள் வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மங்கும் காண்டா வாளியும் வழக்கொழிவதை நம்மால் தடுக்க இயலாது. அடுத்த நாற்றங்காலைக் காணும்போது அது எதற்கென்று கேட்க நம்மால் இயலும்.