நிக்கோலா சிரின்ஸ்கி

நிக்கோலா சுபிச் சிரின்ஸ்கி (சுமார் 1508 – 1566) என்பவர் உதுமானியப் பேரரசின் எல்லையில் போரிட்ட குரோவாசியப் பிரபுவும் படைத்தளபதியும் ஆவார். தெற்கு அங்கேரியில் உள்ள சிகெத்வார் கோட்டையைச் சிறு படையுடன் ஒரு மாதத்திற்கும் மேலாகக் காத்து நின்று, அங்கேயே உயிர்நீத்தார்.

பின்னணி

1526இல் மொகாச்சுப் போரில் அங்கேரி அரசர் இரண்டாம் லாயோசு உதுமானியரிடம் தோற்று இறந்தார். குரோவாசியாவுக்கும் அவரே அரசர். எனவே 1527 சனவரி 1 அன்று குரோவாசியப் பிரபுக்கள் செத்தின் கோட்டையில் கூடி, ஆபுசுபர்க் குடும்பத்தின் பெர்டினாண்டைத் தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தனர். எல்லையைக் காக்கப் படை தருவதாக அவர் உறுதியளித்தார். எனினும் அந்த உதவி போதிய அளவில் வரவில்லை. காவல் பொறுப்பின் பெரும்பகுதி எல்லையோரப் பிரபுக்கள் மீதே விழுந்தது. சிரின்ஸ்கி குடும்பம் அவர்களில் ஒன்று.

படைப்பணி

இளம் வயதிலேயே சிரின்ஸ்கி 1529ஆம் ஆண்டின் வியன்னா முற்றுகையில் உதுமானியருக்கு எதிராகப் போரிட்டார். 1542இல் பெசுட்டு நகரை மீட்கச் சென்ற பேரரசுப் படை தோல்வியின் விளிம்பில் இருந்தபோது, சுமார் 400 குரோவாசிய வீரர்களுடன் பாய்ந்து அதைக் காப்பாற்றினார். அதே ஆண்டில் குரோவாசியாவின் 'பான்', அதாவது அரசரின் ஆளுநர் ஆனார். 1556 வரை அப்பதவியில் இருந்தார். 1546இல் மெஜிமுரியே பகுதி அவருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் சாக்கோவெத்ஸ் கோட்டை குடும்பத்தின் முக்கிய இருப்பிடமாயிற்று. 1561இல் சிகெத்வார் கோட்டையின் தலைவரானார்.

சிகெத்வார் முற்றுகை

1566 ஆகஸ்டில் சுல்தான் சுலைமான் பெரும்படையுடன் சிகெத்வாரை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர்கள் சுமார் 2,300 பேர் மட்டுமே. சதுப்பு நிலமும் நீரும் சூழ்ந்த அந்த இடத்தில் புதிய நகர், பழைய நகர், உட்கோட்டை என மூன்று பகுதிகள் இருந்தன. ஒன்றை இழந்தால் அடுத்ததற்குப் பின்வாங்கிப் போரிட முடிந்தது. ஆனால் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் படை வடக்கே கியோர் அருகிலேயே தங்கிவிட்டது. கோட்டையை மீட்க வரவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில், 71 வயதான சுலைமான் தம் கூடாரத்தில் இயற்கையாக இறந்தார். படை கலையாமல் இருக்க, தலைமை அமைச்சர் சோகொல்லு மெகமெது பாசா அதை மறைத்தார். ஓரிரு நாட்களில் உட்கோட்டையும் தீப்பற்றியது. சிரின்ஸ்கி எஞ்சிய வீரர்களுடன் வாயிலைத் திறந்து வெளியேறித் தாக்கினார், அத்தாக்குதலில் கொல்லப்பட்டார்.

விளைவு

கோட்டை வீழ்ந்தது. ஆனால் சுல்தானையும் ஒரு போர்ப் பருவத்தையும் இழந்த தலைமைப் படை வியன்னாவை நோக்கி முன்னேறாமல் திரும்பியது. 1568இல் இரு பேரரசுகளும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன.

அவரது கொள்ளுப்பேரன் நிக்கோலா இந்த முற்றுகையை அங்கேரிய மொழியில் காப்பியமாகப் பாடி 1651இல் வெளியிட்டார். அதைக் குரோவாசிய மொழிக்குக் கொண்டுவந்த தம்பி பேத்தர் சிரின்ஸ்கி, பேரரசருக்கு எதிராகச் சதி செய்ததாக 1671இல் கொல்லப்பட்டார். எல்லையைக் காத்த குடும்பத்துக்கும் வியன்னா அரசவைக்கும் இடையிலான உறவு இவ்வாறு முடிந்தது. இன்று குரோவாசியா, அங்கேரி ஆகிய இரு நாடுகளும் சிரின்ஸ்கியைத் தேசிய வீரராகப் போற்றுகின்றன.