புதிய மீன் தொட்டியின் நீர்ப் பக்குவம்: அவலாஞ்சி முதல் வீட்டுத் தொட்டி வரை

புதிய நன்னீர் மீன் தொட்டியில் மீன்களை விடுவதற்கு முன், அந்த நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து நிலைபெறுவதற்காகச் சில வாரங்கள் காத்திருப்பது நீரைப் பக்குவப்படுத்தல் எனப்படும். இதைச் செய்யாமல் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவோர் பலர். முதல் வாரம் மீன்கள் நன்றாகவே இருக்கும். இரண்டாம் மூன்றாம் வாரங்களில் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரில் மீன் சாவதால், குறை மீன் விற்ற கடையின் மீது போய்விடுகிறது. உண்மையில் பெரும்பாலும் காரணம் மீனின் சொந்தக் கழிவே. இதனைக் கண்டறிய அறிவியலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் இந்தச் சிக்கலே எழாத ஒரு மீன் பண்ணை நூறாண்டுக்கு மேலாக உள்ளது. அங்கே சிக்கல் ஏன் எழவில்லை என்பதை அறிந்தால் வீட்டுத் தொட்டியில் அது ஏன் எழுகிறது என்பது எளிதில் விளங்கும்.

அவலாஞ்சி டிரவுட் பண்ணை

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே குந்தா மலைப்பகுதியில் அமைந்தது அவலாஞ்சி. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இப்பெயரின் மூலம். ஆனால் இங்கே சரிந்தது பனியன்று, மண். 1820-களில் நிகழ்ந்த பெரிய மண்சரிவால் இப்பெயர் ஏற்பட்டது.

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத் தூண்டில் மீன்பிடிப்பில் பெரும் ஆர்வம் இருந்தது. மலையோடைகளில் இயற்கையாக இருந்தவை சிறு மீன்களே. எனவே தங்கள் நாட்டு டிரவுட் மீனை இங்கே கொண்டுவர முயன்றனர். இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலைப் பின்னர் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1863-இல் செய்த முதல் முயற்சி தோல்வியுற்றது. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. குளிர்ந்த நீரில் மட்டுமே உயிர் தரிக்கும் முட்டைகளை வெப்பக் கடல் வழியாகக் கொண்டுவந்து, பிறகு மலையேற்ற வேண்டும். அடுத்த ஆண்டு, 1864-இல், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு அடியில் வைக்கப்பட்ட முட்டைகள் 'நார்போக்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை உயிருடன் சென்றன. வழி பிறந்துவிட்டது. ஆயினும் நீலகிரியில் டிரவுட் நிலைபெற மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சென்னை மாகாண அரசின் மீன்வள வல்லுநராக இருந்த எச்.சி. வில்சன், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்ட வானவில் டிரவுட் இங்கு வேரூன்றியது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட மீன் இது. இன்று இப்பண்ணை தமிழ்நாடு மீன்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது.

இத்தகைய பண்ணையின் அமைப்பு எளிமையானது. ஓடை நீர் ஒரு பக்கம் நுழைந்து, முட்டைத் தட்டுகளையும் நீண்ட தொட்டிகளையும் கடந்து, மறுபக்கம் வெளியேறிவிடும். பத்து டிகிரி செல்சியஸ் நீரில் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் நீர் நிற்கக்கூடாது. மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அமோனியா அங்கே தங்குவதே இல்லை. ஓடிவிடுகிறது.

குளிர்ச்சியும் துணைநிற்கிறது. நீரில் கரைந்த அமோனியா முழுவதும் நஞ்சன்று. அதில் ஒரு பகுதி மட்டுமே செவுளைக் கடந்து உட்சென்று கெடுக்கும். அந்தப் பகுதியின் அளவு வெப்பத்தையும் காரத்தன்மையையும் பொறுத்தது. பத்து டிகிரி வெப்பமும் 7 என்ற நடுநிலை பிஎச் அளவும் கொண்ட நீரில் ஆயிரத்தில் இரண்டு பங்கே நஞ்சு வடிவில் இருக்கும். இருபத்தைந்து டிகிரியும் பிஎச் 8-உம் உள்ள நீரில் அது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டும். அதாவது சமவெளி நகரம் ஒன்றில் வீட்டுத் தொட்டியில் சேரும் அதே அளவு அமோனியா, மலையோடையில் இருப்பதைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் கொடியதாக இருக்கக்கூடும்.

தந்தையின் தொட்டியும் மகனின் ஆய்வும்

ஓடை இல்லாத இடத்தில், நின்ற நீரில் மீனை வாழவைக்க முடியுமா என்ற கேள்விக்கு முதலில் முறையாக விடை தேடியவர்களுள் இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் ஒருவர். அவர் ஏறத்தாழ 54 லிட்டர் நீருள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும், நாடா போன்ற இலையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். அழுகிய இலைகளால் நீர் கெடத் தொடங்கியதும் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நீர் மாற்றாமலே தொட்டி நிலைத்தது. 1850-இல் இதனை அவர் வெளியிட்டார். செடி உயிர்வளி தரும், மீன் கரியமில வாயு தரும், நத்தை துப்புரவு செய்யும் என்பது அவரது விளக்கம். தவறன்று; ஆனால் பாதி விளக்கம்தான். அமோனியாவின் கணக்கு அதில் இல்லை.

1871-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் வில்லியம் ஆல்போர்டு லாயிடு அமைத்த மீன் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நிலத்தடித் தேக்கம் ஒன்று இருட்டில் வைக்கப்பட்டிருந்தது. நீர் இரண்டுக்கும் இடையே ஓயாமல் சுழன்றது. தேக்கத்தில் நீர் தூய்மையாகிறது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். தூய்மை செய்வது எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

விடை மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வரவில்லை, சாக்கடை நீரை ஆய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். இருபது நாட்கள் வரை மாற்றம் ஏதுமில்லை. உட்சென்ற அமோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றியது. நாளடைவில் அமோனியா முற்றிலும் மறைந்தது. வெறும் வேதிமாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே வேலை செய்தது உயிருள்ள ஒன்று. பிறகு சிறிது தோட்ட மண் கலந்த நீரை ஊற்றவும் மீண்டும் தொடங்கியது. இன்று புதுத் தொட்டி வைப்பவர் கடக்கவேண்டிய காத்திருப்பும், பழைய தொட்டியின் பஞ்சைப் புதியதில் வைத்து நாட்களைக் குறைக்கும் உத்தியும் அந்த ஒரே சோதனையில் அடங்கியுள்ளன.

இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் இராபர்ட் வாரிங்டன். பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று. தங்கமீன் தொட்டி வைத்தவரின் மகன் இவர். அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் வேறோர் உயிரால் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது என்பதை மகன் நிறுவினார். தந்தையின் தொட்டியில் விடுபட்ட பாதி இதுவே. ஆனால் மகன் ஆராய்ந்தது பயிர் நிலத்து மண்ணை.

அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890-இல் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். மற்ற பாக்டீரியாக்களுக்குப் பிடித்த சத்துணவில் இவை வளர மறுத்ததே அதுவரை இருந்த இடர். இவை அமோனியாவிலிருந்து ஆற்றலையும் கரியமில வாயுவிலிருந்து கார்பனையும் பெறுபவை. மெதுவாகவே பெருகுபவை. பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குச் சாதகமான நிலையிலும் பல மணி நேரம் வேண்டும். காத்திருப்பு வாரக்கணக்கில் நீளக் காரணம் இதுதான்.

இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நூறாண்டுக் காலம் பாடநூல்கள் கூறின. 1998-இல் வெளியான ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா எனக் காட்டியது. 2015-இல் இரண்டு படிகளையும் ஒரே நுண்ணுயிரே முடிக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. அதைக் கண்ட இடங்களுள் ஒன்று, நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி.

மலையில் தொட்டி வைப்போர்

தொட்டியில் மீனின்றி வடிகட்டியை ஓடவிட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு அமோனியா சேர்க்கலாம். சிட்டிகை மீன் தீவனத்தை அழுகவிடுவதும் உண்டு. சோதனைத் திரவத்தால் பார்த்துவந்தால் முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரைட்டும் எளிதானதன்று, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை அழித்து அதனைப் பழுப்பாக்கும். சேர்த்த அமோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் இல்லாமல், நைட்ரேட் மட்டும் மிஞ்சினால் நீர் பக்குவம் அடைந்துவிட்டது. பாதி நீரை மாற்றிவிட்டுச் சில மீன்களுடன் தொடங்கலாம்.

25 முதல் 28 டிகிரி நீரில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உதகை, குன்னூர் வீடுகளில் சூடேற்றி இல்லாவிட்டால் இன்னும் நீளும். குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். மலைநீருக்கு இன்னொரு குணமும் உண்டு. நீலகிரியின் சார்னோகைட் பாறை நீரில் எளிதில் கரையாது. எனவே ஓடை நீர் மென்மையானது. இந்த நுண்ணுயிர்களோ ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராம் சுண்ணச் சத்துக்கு இணையான காரத்தைச் செலவழிக்கின்றன. காரம் தீர்ந்தால் நீர் புளித்து வேலை நின்றுவிடும். பல வாரமாகியும் அமோனியா இறங்காதவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வடிகட்டியில் ஒரு பிடி நொறுக்கிய கிளிஞ்சல் போட்டால் போதும். ஷ்லோசிங் குழாயில் சுண்ணாம்புக்கல் இருந்தது நினைவிருக்கலாம்.

குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதுவே நுண்ணுயிர்களைக் கொல்லும். வாளியில் ஒருநாள் திறந்து வைத்த நீரோ, தயோசல்பேட் கலந்த நீரோ ஏற்றது. வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிய வேண்டும்.

2019 ஆகஸ்டு 8-ஆம் நாளில் 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழையில் ஓடை நீரை நம்பிய பண்ணைக்குச் சேறும் கல்லும் எதிரி. வீட்டுத் தொட்டிக்கு எதிரி மின்வெட்டு. மூடிய வடிகட்டிக்குள் நீர் ஓட்டம் பல மணி நேரம் நின்றால் உயிர்வளி தீர்ந்து பக்குவமெல்லாம் வீணாகும். அப்போது பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்கவிட்டு, மீனுக்குத் தீவனம் போடாமல் இருக்கவேண்டும்.