முல்லோயா கோவிந்தன்

மலையகத்தில் நடைபெற்ற மே தினக் கூட்டங்களுக்குச் செய்தியாளனாகப் பல ஆண்டுகள் சென்று வந்தவன் நான். மேடையேறும் தலைவர்களில் ஒருவராவது முல்லோயா கோவிந்தனின் பெயரைச் சொல்லாமல் இறங்கியதில்லை. ஆனால் பெயருக்கு அப்பால் எவரும் சென்றதுமில்லை. அந்தத் தொழிலாளியின் மரணத்தை அடுத்து இலங்கையின் மந்திரிகள் கூண்டோடு பதவி துறந்தனர் என்பதை அம்மேடைகளில் நான் கேட்டதாக நினைவில்லை.

கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ளது முல்லோயாத் தோட்டம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழிலாளர் கேட்டது சம்பளத்தில் 16 சத உயர்வு. பதினாறே சதம்! ஆனால் தோட்டத்துரைமாரின் கோபத்திற்குக் காரணம் அந்தச் சதங்கள் மட்டுமல்ல. கங்காணியைத் தாண்டித் துரையிடம் வாய் திறப்பதே துடுக்கெனக் கருதப்பட்ட லயத்து வாழ்வில், சங்கம் அமைத்து, லங்கா சமசமாஜக் கட்சியினரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்யத் துணிந்ததே அவர்களுக்குப் பெருங்குற்றமாகத் தோன்றியது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிரிழந்தார்.

விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் குடும்பத்தினர் சார்பில் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா.

இதற்குப் பின்னர் நடந்தவற்றில் கோவிந்தனைக் காண்பது அரிது. தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டு மந்திரி டி. பி. ஜயதிலக்க பணித்தார், பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸ் இணங்க மறுத்தார், தேசாதிபதி அன்ட்ரூ கல்தெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். பொலிஸ் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி எழுந்தது. மந்திரிகள் இராஜிநாமாச் செய்து, சில வாரங்களில் பதவிக்குத் திரும்பினர். அரசியலமைப்பு வரலாற்று நூல்களில் முல்லோயா இடம்பிடித்தது இவ்வழியாகவே. சுடப்பட்டவன் எதைக் கேட்டான் என்பதை அந்நூல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அன்று பதவி துறந்தவர்களுள் ஒருவர் டி. எஸ். சேனநாயக்க. 1948 இல் அவரது அரசாங்கமே குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம், தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையையும் பறித்தது. முல்லோயா மக்களுக்காக அவர்கள் பதவி துறந்தனர் என்று எழுதுவோர் இதனையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

கொல்வினைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்தவர் அவரே. அக்காலத்தில்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கோவிந்தனின் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞரையும் அந்த அமைச்சரையும் ஒருசேர நினைத்துப் பார்க்க என்னால் இன்றளவும் இயலவில்லை.