எதிராளி வெளிமாநிலத்தில் இருந்தால்: 5,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நடத்துவது எப்படி?

வாடகை வீட்டுக்குக் கட்டிய முன்பணமோ கைமாற்றாகக் கொடுத்த கடனோ திரும்பி வருவதில்லை. தொகை இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட்தான். கொடுக்க வேண்டியவரோ வேறு மாநிலத்தில் இருக்கிறார். வழக்கறிஞரை வைத்தால் கையில் இருப்பதும் போய்விடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 2012 நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணை இதற்கு வழி செய்கிறது. பதிவு முகப்பில் ‘துன்துத்தான் கெச்சில்’ என்று கேட்டால் போதும்.

வழக்கறிஞர் கட்டணம்

இந்த நடைமுறையில் பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. முன்கூட்டியே வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டிருந்தால் அந்தச் செலவு அவரவர் கையைச் சேர்ந்தது. நீதிமன்றம் செலவுத் தொகை வழங்கினாலும் அது சிறியதாகவே இருக்கும். ஆகவே, “வழக்குப் போட்டால் எங்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் நீயே கட்ட வேண்டி வரும்” என்று எதிராளி மிரட்டினால் பயப்பட வேண்டாம். உண்மையான செலவு போக்குவரத்தும் வேலைக்குப் போகாத நாள்களும்தான்.

எந்த ஊரில் பதிவது?

எதிராளி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரில் பதியலாம். பிரச்சினை நடந்த ஊரிலும் பதியலாம். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த இளைஞர் ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்தார், வீட்டுக்காரரும் அங்கேயே இருக்கிறார் என்றால், அவர் ஜொகூர் பாருவில்தான் பதிய வேண்டும். தம் சொந்த ஊர் என்பதற்காக சுங்கை சிப்புட்டில் பதிய இயலாது. மாறாக, கொடுக்கல் வாங்கல் உங்கள் ஊரில் நடந்து, எதிராளி பிறகு கெடாவுக்குக் குடிபெயர்ந்திருந்தால் உங்கள் ஊரிலேயே பதியலாம். 2020ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்திற்குப் பிறகு இணையவழி விசாரணை நடத்த நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. தொலைவில் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஏற்பது நீதிமன்றத்தின் முடிவு.

செய்ய வேண்டியவை

முதலில் தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டு எதிராளிக்குக் கடிதம் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். பிறகு ரசீது, வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அச்செடுத்து, போராங் 198ஐ நிரப்பிப் பதியுங்கள். வழக்குத் தொடுப்பவர் தனிநபராக, தம் சொந்தப் பணத்தைக் கேட்பவராக இருக்க வேண்டும். பாக்கி 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்துப் பதியலாம். ஒரே கடனை இரண்டு வழக்காகப் பிரிக்கக் கூடாது.

முத்திரையிட்ட நகலை எதிராளியிடம் நேரில் கொடுக்கலாம், அல்லது ஏற்புச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் அவருடைய கடைசி முகவரிக்கு அனுப்பலாம். வெளிமாநிலத்தவருக்குத் தபால்தான் வசதி. வணிக நிறுவனம் என்றால் அதன் பதிவு முகவரியை எஸ்.எஸ்.எம். அமைப்பிடம் பெறலாம்.

உங்களுக்கே சம்மன் வந்தால்

“தூரத்து ஊர் வழக்குதானே” என்று தபாலை மூலையில் போட்டுவிடாதீர்கள். 14 நாள்களுக்குள் போராங் 199இல் பதில் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய பணம் இருந்தால் அதிலேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம். பதிலும் தராமல் விசாரணைக்கும் வராவிட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். வழக்குத் தொடுத்தவர் வராவிட்டால் அவருடைய வழக்கு தள்ளுபடியாகும்.

எதிராளி வணிகர் என்றால்

பொருள் அல்லது சேவை வாங்கியதில் ஏமாற்றம் என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வரம்பு 50,000 ரிங்கிட். மூன்று ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். அங்கும் பொதுவாக வழக்கறிஞர் கிடையாது.

தீர்ப்பு வந்ததுமே பணம் வந்துவிடாது. எதிராளி கட்டாவிட்டால் மீண்டும் நீதிமன்றத்தை நாடிச் சொத்துப் பறிமுதலோ தவணை உத்தரவோ கேட்க வேண்டியிருக்கும். அதனால் எதிராளியின் சரியான முகவரி, வேலையிடம், வாகன எண் போன்ற விவரங்களைத் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். பாரம் நிரப்பத் தயக்கம் இருந்தால் அருகிலுள்ள சட்ட உதவி இலாகாவில் விளக்கம் கேட்கலாம்.