ஈபே மதிப்பீட்டு முறை

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தின் மதிப்பீட்டு முறை என்பது, முன்பின் அறியாத இருவர் இணையத்தில் துணிந்து கொடுக்கல் வாங்கல் செய்ய வழிவகுத்த ஏற்பாடு. 1996 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கியது. தொடக்கத்தில், வியாபாரம் முடிந்ததும் வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எல்லோரும் பார்க்கும்படி நிறையோ குறையோ எழுத முடிந்தது. நல்லது என்றால் ஒரு புள்ளி கூடும்; மோசம் என்றால் ஒன்று குறையும்.

ஈபேயை நிறுவிய பியர் ஒமிடியார், 1995 செப்டம்பரில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் அந்தத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் சுட்டி, 14.83 டாலர். தளத்துக்கென்று சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை. வாங்குபவர் பணத்தைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பொருள் வரும் என்று காத்திருக்க வேண்டும். தகராறுகள் மின்னஞ்சலில் ஒமிடியாரிடமே வந்தன. ஒவ்வொன்றுக்கும் தாமே பஞ்சாயத்து செய்வதை விட்டுவிட்டு, பாராட்டையும் புகாரையும் பொதுவில் எழுதச் சொன்னார்.

பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த நிலை என்ன செய்யும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இலேயே பழைய கார் சந்தையை வைத்து விளக்கியிருந்தார்: உரிய விலை கிடைக்காமல் நல்ல வண்டிக்காரர்கள் விலகிக்கொள்ள, ஓட்டை வண்டிகளே மிஞ்சும். இணையத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. அங்கே விற்பவரின் பழைய நடத்தைதான் வாங்குபவருக்குக் கிடைத்த ஒரே சான்று.

அந்தச் சான்றுக்கு விலை உண்டு. பால் ரெஸ்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள ஒரே வியாபாரி பழைய அஞ்சலட்டைகளைத் தம் நற்பெயர் பெற்ற கணக்கிலும் புதுக் கணக்குகளிலும் விற்றார். பழகிய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

ஆனால் புள்ளிகள் முழு உண்மையைச் சொல்லவில்லை. ரெஸ்னிக்கும் ரிச்சர்ட் செக்கவுசரும் முன்னதாக ஆராய்ந்தபோது, வாங்கியவர்கள் எழுதியவற்றில் குறை சொன்னவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லா வியாபாரமும் அவ்வளவு சுமுகமாக முடிந்திருக்க முடியாது. 'நீ குறை எழுதினால் நானும் எழுதுவேன்' என்ற பழிவாங்கலுக்கு அஞ்சியே பலர் வாய்மூடி இருந்தார்கள். 2008இல் விற்பவர்கள் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதுவதை ஈபே தடுத்தது. பணம் தராமல் ஏய்ப்பவரை இனி யார் கேட்பது என்று விற்பவர்கள் கொதித்தார்கள்; சிலர் புறக்கணிப்பிலும் இறங்கினார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. ஆயினும் ஏமாந்தவர் அச்சமின்றிப் பேசுவதே முதல் தேவை என்பதால், அந்த மாற்றம் சரியானதே.

நற்பெயர் இனிமேல் ஏமாறாமல் இருக்க உதவும். போன பணத்தை மீட்டுத் தராது. சீனாவில் அலிபாபாவின் தாவ்பாவ் தளம் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. 2003இல் அங்கே அறிமுகமான அலிபே, வாங்குபவரின் பணத்தைத் தானே வைத்திருந்து, பொருள் கைக்கு வந்து சேர்ந்ததை அவர் உறுதிசெய்த பிறகே விற்பவரிடம் ஒப்படைத்தது. தாவ்பாவ் விற்பவர்களிடம் கட்டணமும் வாங்கவில்லை. ஈச்நெட் நிறுவனத்தை வாங்கிச் சீனாவில் கால்பதித்திருந்த ஈபே, 2006 டிசம்பரில் அங்கே தனித்துத் தளம் நடத்துவதைக் கைவிட்டது.